முதற் பெட்டியை யார் வைப்பது

கனகராயன்குளத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் அரிசிமாவும் குரக்கன் மாவும் வறுத்துப் பொதி செய்கிறோம். நான் களஞ்சியப் பொறுப்பாளர். பெட்டிகளை மரத் தட்டில் அடுக்கும் ரோபோ வந்து எட்டாவது நாள் நடந்ததை, என் நாட்குறிப்பைப் பார்த்தே எழுதுகிறேன்.

மரத் தட்டைப் ‘பலட்’ என்றே சொல்வோம். ஒரு பெட்டி பத்துக் கிலோ. ஒரு பலட்டில் நாற்பது பெட்டி. முன்பு நான்கு பேர் குனிந்து நிமிர்ந்து அடுக்கினார்கள். பின்னேரம் ஆனதும் நால்வரும் ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடிதான் வாசலைக் கடப்பார்கள். ஆகவே அந்த இயந்திரக் கை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு வேலி தேவையில்லை. ஆட்களின் அருகிலேயே நின்று வேலை செய்யும். எதிலாவது முட்டினால் உடனே நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும்.

நால்வரில் மூவரை வறுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். நான்காமவர் நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். ஆறு வருடமாக அடுக்கியவர். அவருக்கு மூச்சிழுப்பு வருத்தம். வறுக்கும் புகையில் பத்து நிமிடம் நிற்க முடியாது. ரோபோவைக் கவனிக்கும் வேலை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அது கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏழு நாள் வவுனியாவிலிருந்து வந்த தொழில்நுட்பவியலாளர் ஓட்டிக் காட்டினார். எட்டாம் நாள் அந்தப் பெண் தனியே ஓட்ட வேண்டும், நாலு மணிக்கு முகாமையாளர் முடிவு சொல்வார் என்று ஏற்பாடு.

அன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. 9.25க்கு ரோபோ நின்றது. 10.55க்கு நின்றது. 12.20க்கும் நின்றது. ஒவ்வொரு முறையும் தொழில்நுட்பவியலாளர் ஓடிப்போய்ப் பார்த்தார். பலட் வெறுமையாக இருந்தது, முட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பொத்தானை அமர்த்தினால் மறுபடி ஒழுங்காக ஓடியது.

முகாமையாளர் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“நேற்று வரைக்கும் நிக்கேல்லை. இண்டைக்கு மட்டும் என்னெண்டு நிக்குது?”

“தெரியேல்லை சேர். நான் ஒண்டும் செய்யேல்லை,” என்றார் அந்தப் பெண்.

“ஒண்டும் செய்யாட்டி அது ஏன் நிக்குது? உங்களைக் கண்டு வெக்கப்படுதோ?”

பொதி செய்யும் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கமே பார்த்து நின்றார்.

மதியச் சாப்பாட்டு நேரம் நான் களஞ்சியப் பதிவேட்டைப் புரட்டினேன். நிறைந்த பலட் எனக்கு வந்து சேர்ந்த நேரங்கள்: 9.27, 10.58, 12.22. ஒரு பலட் நிறைந்து, ரோபோ பக்கத்திலுள்ள புதுப் பலட்டுக்குத் திரும்பும்போதுதான் ஒவ்வொரு முறையும் நின்றிருக்கிறது. அடுத்தது நிறைவதற்குக் கொஞ்சம் முன்னர் போய்த் தூணருகே நின்றேன். தொழில்நுட்பவியலாளரையும் கூப்பிட்டேன்.

முப்பத்தெட்டாவது பெட்டி போனது. அந்தப் பெண், பெட்டிகள் ஓடிவரும் பட்டியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி, வெறும் பலட்டின் மூலையில் வைத்து, வாய்க்குள் ஏதோ சொன்னார். ரோபோ நாற்பதை முடித்துத் திரும்பி, தன் பெட்டியை அதே மூலையில் இறக்கியது. பெட்டியோடு பெட்டி முட்டியது. சிவப்பு விளக்கு. அவர் பதறிப்போய், வைத்த பெட்டியை எடுத்துப் பட்டியில் போட்டார்.

“அக்கா, ஏன் அதை அங்கை வச்சனீங்கள்?” என்றார் தொழில்நுட்பவியலாளர்.

“வெறுந்தட்டா விடலாமோ? லாபம் வைக்க வேணுமெல்லோ.”

“பிறகேன் எடுத்தனீங்கள்?”

“சிவப்பு எரிஞ்சால் பலட்டிலை கிடக்கிறதை எடுக்கச் சொன்னது நீர்தானே!”

எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் அளவை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். நிறைந்தது போகுமுன் அடுத்ததில் ஒன்று இருக்க வேண்டும். இடம் வெறுமையாகக் கிடக்கக்கூடாது. ஆறு வருடமும் அவர் அப்படித்தான் அடுக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் குறிக்கும் நான் அதைக் குறித்ததே இல்லை. என் வீட்டு அரிசி வாளியையும் நான் அடி தெரிய வழிப்பதில்லை. அதனால் அது என் கண்ணில் படவில்லை போலும்.

“அது முட்டுமெண்டு தெரியேல்லையோ?” என்று கேட்டேன்.

“பெட்டி இருக்கிறதைக் கண்டு பக்கத்திலை வைக்கும் எண்டு நினைச்சன் மிஸ். அதுக்குக் கண் இருக்கெண்டு இவர்தான் முதல் நாள் காட்டினவர்.”

“அது லைற் அக்கா. நான் பகிடிக்குச் சொன்னனான்.”

“நல்ல பகிடி. உம்மட பகிடியாலை நான் வீட்டை போகப் பாத்தன்.” பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “மிஸ், இதைச் சேரிட்டைச் சொல்லாதேங்கோ. இனி வைக்கமாட்டன்.”

சொல்லாமல் விட்டால் நான்கு முறை நின்றது அவர் பெயரில் காரணமில்லாத பிழையாகவே இருக்கும். அதை அவருக்குச் சொன்னேன். சற்று யோசித்து, “அப்ப நீங்களே சொல்லுங்கோ. எனக்கு நா எழும்பாது,” என்றார்.

நாலு மணிக்கு மூவரும் போனோம். நேரங்களை வாசித்து, காரணத்தைச் சொன்னேன். முகாமையாளர் கதிரையில் சாய்ந்தார்.

“இந்தக் காலத்திலை லாபமோ? மெசினுக்கு?”

“சேர், பிழையிலை பாதி என்ர. அது பாக்கும் எண்டு நான்தான் சொன்னனான்,” என்றார் தொழில்நுட்பவியலாளர். “இரண்டாம் பெட்டியிலை இருந்து தொடங்கச் சொல்லி மாத்திவிடலாம். அஞ்சு நிமிச வேலை. முதல் பெட்டியை அவா வைக்கட்டும்.”

“பெட்டி வைக்கவே ஒரு ஆளோ?”

“வெறும் பலட் கொண்டாறதுக்கும், மட்டை விரிக்கிறதுக்கும், நிண்டால் திருப்பி ஓட்டுறதுக்கும் ஒரு ஆள் வேணும்தானே சேர்.”

முகாமையாளர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார்.

“ஒரு மாசம் பாப்பம்,” என்றார் முகாமையாளர். “ஆனால் என்ன செய்யிறதெண்டு எழுதி ஒட்டுங்கோ. ஆளுக்கொரு மாதிரிச் செய்யேலாது.”

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது.

அன்றே எழுதினேன். ஒன்று: வெறும் பலட்டை மஞ்சள் கோட்டுக்குள் வைக்கவும். இரண்டு: முதற் பெட்டியைக் கையால் சுவர்ப்பக்க மூலையில், பெயர் வெளியே தெரிய வைக்கவும். மூன்று: கையை எடுத்த பின் பச்சைப் பொத்தானை அமர்த்தவும். முகாமையாளர் வாசித்தார். இரண்டாம் வரியில் பேனாவை நிறுத்தி, அதை வெட்டப்போகிறார் என்று நான் நினைக்கும்வரை வைத்திருந்தார். பிறகு அடியில் கையெழுத்திட்டார்.