தாய்மாமன் மடியும் ஸ்கூட்டர் மோட்டாரும்

என் மகளின் காதுகுத்துக்கு வர வேண்டிய தாய்மாமன், கடலூர் உப்பனாற்றின் நடுவில் படகோடு நின்றுகொண்டிருந்தான். அவன் மடியில் உட்காராமல் குழந்தைக்குக் காது குத்தமாட்டார்கள். நாங்கள் கரையில் பந்தலடியில் காத்திருந்தோம். வெள்ளிக்கிழமை வேறு, பத்தரைக்கு ராகு காலம்.

அது 2009. என் மனைவியின் தம்பி பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாரைப் பொருத்தியிருந்தான். சீர்த்தட்டுகளோடு, சத்தமும் புகையும் இல்லாமல் வந்து இறங்கி ஊரை அசத்த வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நான் சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு, தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் ஃபேனை, அந்த மோட்டாருக்குத் தகுந்த சின்னதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தேன்.

“இன்னா மாமா இது, வெளையாட்டு சாமானா? நம்ம பக்கம் ஃபேன பாத்துதான் படக மதிப்பானுங்க. பெருசு சுத்துனா வேகம் ஜாஸ்தி.”

“பெருசு போட்டா மோட்டார் திணறும்டா!” என்று தொண்டை வற்றக் கத்தினேன். யார் கேட்டது? டீசல் லாஞ்சிலிருந்து கழற்றிய, அண்டா மூடி அளவுப் பித்தளை ஃபேனை மாட்டினான். சின்னதை என் மகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டான்.

இப்போது மோட்டார் கொஞ்ச தூரம் ஓடும், சூடாகி நின்றுவிடும். ஆறுவதற்குள், கடலிலிருந்து ஏறிவரும் ஏற்றத் தண்ணீர் படகைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் அடித்தது.

“மாமா, வந்துகினே இருக்கேன்.”

என் மனைவி போனைப் பிடுங்கினாள். “பாய விரிச்சி வந்து தொலைடா!”

“ஏதுக்கா பாயி? உன் தலைக்கு மேல பாரு.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பந்தல் செலவு எதற்கு என்று முந்தின நாள் அவன்தான் படகுப் பாயைக் கழற்றிக் கட்டியிருந்தான். நல்ல காற்று. பந்தல் புடைத்துக்கொண்டு நின்றது.

காது குத்த வந்திருந்த ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். “அவரு வரமாட்டாரு. நாம போயிடலாம்” என்றார். ஒரு துடுப்புப் படகை இரவல் வாங்கி, ஆசாரி, மனைவி, விளையாட்டு ஃபேனை விடாத மகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன். வாய் நிறைய வசவு வைத்திருந்தேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினான் அவன். “நான் இல்லாமயே குத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன் மாமா” என்றான். கண் கலங்கியிருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

ராகு காலத்துக்குச் சற்று முன்னால், நட்டாற்றில், தாய்மாமன் மடியில் காது குத்தியாயிற்று. குழந்தை வீறிட்டாள். அப்போதுதான் அவள் கையில் இருப்பது எது என்று எனக்கு உறைத்தது. அதை மாட்டினால் படகு ஓடும்!

“குடு தங்கம், மாமா மாட்டிட்டு தரேன்” என்று அவனே கெஞ்சினான். அழுகை இரண்டு மடங்காகியது. காது குத்திய அன்று குழந்தையிடம் எதையாவது பிடுங்க முடியுமா?

அவன் படகைத் துடுப்புப் படகோடு கயிறு கட்டி இழுத்தோம். பின்படகில் அவன் மடியில் உட்கார்ந்தபடி அவள் ஃபேனைக் காற்றில் நீட்டிப் பிடித்தாள். அது அழகாகச் சுற்றியது.

“சின்னதுதான் சரி மாமா” என்றான் மச்சான். “இன்னா வேகமா போவுது பாருங்க!”

துடுப்பு போட்டுக்கொண்டிருந்தவன் நான்.