கடைசியாக நடந்தவர்

புஷ்பவதி அதிகாரிகளிடம் சொன்னது ஒரே ஒரு பொய். அதையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை.

தொண்ணூற்றேழில் மகள் ராகவியோடு நியூசிலாந்தின் ஒக்லாந்தில் வந்து இறங்கி அகதி விண்ணப்பம் போட்டாள். ரானுயியில் வாடகை வீடு, ஈஸ்ட் டாமாக்கியில் பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலை, போய்வரவே பாதி நாள். முதல் விசாரணையில் எப்படித் தப்பினாய் என்று கேட்டார்கள். இலங்கை ஆமி நெருங்கியதும் வன்னிக் காட்டுக்குள் ஓடியதையும், ஆற்றுக்குள் இறங்கித் தண்ணீரோடு தண்ணீராக நடந்ததையும், கரை மணலில் பதிந்த கால்தடங்களைக் இலைக்குழையால் அழித்ததையும் சொன்னாள். அத்தனையும் உண்மை. இந்த வித்தையெல்லாம் யாருக்குத் தெரிந்திருந்தது என்று கேட்டபோதுதான், ‘என் கணவருக்கு’ என்றாள்.

கணவர் யசீகரன் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடைக் கிளார்க். காட்டை பஸ் ஜன்னலால் பார்த்ததோடு சரி. விண்ணப்பத்தில் அவர் தொழிலை எழுதிக் கொடுத்தவளே இவள்தான். ஒரு கிளார்க்குக்குத் தடம் அழிக்கத் தெரியுமா? ஒன்றில் கதை பொய், இல்லையென்றால் அவர் பயிற்சி எடுத்த போராளி என்று எழுதி, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியது ஒரு அப்பீல். அதிலும் தோற்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே ஊருக்குத் திரும்ப வேண்டும்.

உண்மையில் அந்த வித்தை தெரிந்தவள் புஷ்பவதிதான். ஊரில் அவள் டீச்சர்; பள்ளிக்கூட நூலகமும் அவள் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒரு பழைய சாகச நாவல், தமிழில் சுருக்கியது. வெள்ளைக்காரர் குடியேறத் தொடங்கிய காலத்து அமெரிக்கக் காடு, துரத்துகிறவர்களும், தடம் அழித்துத் தப்புகிறவர்களும். அட்டை கிழிந்து நாலு தடவை ஒட்டிய புத்தகம். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிக் காட்டி அவளுக்கே மனப்பாடம்.

விண்ணப்பம் நிரப்ப உதவிய தியாகலிங்கம், “கதைப்புத்தகத்தைப் பற்றி வாய் திறந்திடாதை பிள்ளை. சிரிச்சுப்போட்டு அனுப்பிப்போடுவாங்கள்” என்றிருந்தார். அவளும் தலையாட்டினாள். சிரிப்பார்கள் என்ற பயம் இரண்டாம் பட்சம். முதல் காரணத்தை அவள் தியாகலிங்கத்துக்கும் சொல்லவில்லை.

அப்பீல் நாளில் அதிகாரி எதிரே உட்கார்ந்தாள். அவர் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். மொழிபெயர்க்க வந்த கல்யாணி சென்னைக்காரி. “தடம் அழிக்கிறதை உங்க கணவர் எங்க கத்துக்கிட்டார்னு கேக்கறார்” என்றாள்.

புஷ்பவதி மேசையைப் பார்த்தாள். இன்னொரு பொய் கையில் தயாராகத்தான் இருந்தது: மாமனார் வேட்டைக்காரர். உண்மையில் அவர் தபால்கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர், பாவம். அதைச் சொல்லப்போய் இன்னொரு முடிச்சில் மாட்டவா? பக்கத்தில் அவளுடைய வழக்கறிஞர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.

“அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். ஒரு கதைப்புத்தகத்தில வாசிச்சனான்.”

வழக்கறிஞரின் பேனா கீழே வந்தது. கல்யாணி ஒரு கணம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஏன் அன்றைக்கு மாற்றிச் சொன்னாய் என்று அதிகாரி கேட்டார்.

“ஆத்துக்குள்ள எல்லாரும் வரிசையா நடக்கவேணும், கடைசி ஆள் கரையில தடம் அழிச்சுப்போட்டு வரவேணும் எண்டு புத்தகத்தில இருந்தது. அவரைக் கடைசியா வரச் சொன்னது நான். ‘சரி டீச்சர்’ எண்டு சிரிச்சுப் பகிடி விட்டுட்டு நிண்டவர். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளைவு தாண்ட, பின்னால வெடி கேட்டது. ஆள் வரேல்லை.” கல்யாணி பக்கம் திரும்பினாள். “அவருக்குத் தெரிஞ்ச வித்தை எண்டு சொன்னால், நான் சொல்லி அவர் நிக்கேல்லை எண்டு ஆகுமெல்லோ.”

கல்யாணி கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அதைச் சொல்லி முடித்தாள்.

ஏழு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை பகலில் கடிதம் வந்தது. வீட்டில் ஆங்கிலக் கடிதம் வாசிப்பது ஒன்பது வயது ராகவியின் வேலை. புஷ்பவதி கை ஈரத்தைத் துடைக்கவும் மறந்து நின்றாள். “அம்மா, we can stay” என்றாள் மகள். புஷ்பவதி அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அழுகை ஓய்ந்து நிமிர்ந்தபோது பிள்ளை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். கடிதத்தில் முடிவு மட்டும் இருக்காது, தான் சொன்னதெல்லாம் இருக்கும் என்பது அப்போதுதான் புஷ்பவதிக்கு உறைத்தது. காட்டில் அப்பா வேறு வழியால் போனவர் என்று சொல்லித்தான் பிள்ளையை வளர்த்திருந்தாள்.

“தாங்கோ பிள்ளை, வாசிச்சது காணும்” என்று கை நீட்டினாள். ராகவி கொடுக்கவில்லை.

“You told Appa to walk last?”

“ஓம்.”

வெளியே பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் மெஷின் ஓடி நின்றது. பிள்ளை இனி முகம் கொடுத்துப் பேசாது என்றே புஷ்பவதி நினைத்தாள்.

ராகவி தமிழைத் தேடித் தேடிக் கேட்டாள்: “புத்தகத்தில ஆர் கடைசியா நடந்தது?”

“அதில... எல்லாரிலும் கெட்டிக்காரன்.”

பிள்ளை திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேடியது. “அது இதில இல்லை. நீங்க சொல்லேல்லையா?”

“அவங்கள் கேக்கேல்லை.”

ராகவி பென்சில் எடுத்து, அரசாங்க முத்திரை குத்திய அந்தக் கடிதத்தின் ஓரத்தில், அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில், ‘எல்லாரிலும் கெட்டிக்காரன்’ என்று எழுதினாள்.