தாலி கலேயில் நின்றால்?

கலியாணக் காட் அடிக்கிற தொழிலில் மை, பேப்பர், மெசின் எல்லாம் சொன்னபடி கேட்கும். பெண்ணைப் பெற்றவர் மட்டும் கேட்கமாட்டார். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் பிரித்தானியா உடன்பாடு எதுவும் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகப்போகிறது என்று கதை கிளம்பிய வருடம் நான் பட்ட பாட்டை நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

ஐயருக்குத் தெரியாத கிரகம்

புறநகர் பியர்ஃபித்தில் இருக்கிற யோகநாதன் அண்ணை உணவகச் சமையல்காரர். மகள் தர்சினிக்கு லண்டனில் மாப்பிள்ளை. ஆவணியில் இங்கே பாரிசில் கலியாணம் என்று முந்நூறு காட் அடித்துக் கட்டி வைத்திருந்தேன். எடுக்க வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. மார்ச் கடைசியில் லண்டன் பிரிகிறதாம், அதற்கு முந்திய கிழமைக்கு நாளை மாற்றி அடிக்கவேண்டுமாம். பொன்னுருக்கித் தாலி செய்து லண்டனில் இருந்து பஸ்ஸில் கொண்டுவருவது மாப்பிள்ளை வீடு. அந்தத் தாலியைப் பிரான்ஸ் கரையில் உள்ள கலே துறைமுகத்தில் சுங்கக்காரன் மறித்து வரி கேட்டால் முகூர்த்தம் தப்பிவிடுமே என்பது அவர் கவலை. கவலையா அது, வியாதி. ஐயர் ஆவணிதானே நல்லதென்றார் என்று கேட்டேன்.

"ஐயர் கிரகத்தைப் பாப்பார் தம்பி. கலேயை ஆர் பாக்கிறது?"

பிள்ளையார் முத்திரை

பயம் தடிமன் மாதிரி, ஒருவர் தும்மினால் கடை முழுக்கத் தொற்றும். மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குக் காட் அடிக்க வந்து, இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு நின்ற ஆர்ஜொந்தெய் ஊர் அக்கா ஒருவர், லண்டன் சொந்தங்களுக்கான காட்டைப் பிரெஞ்சிலும் அடிக்கச் சொன்னார். எல்லையில் பொலிஸ்காரன் வாசித்துவிட்டு அவர்களை விடுவானாம். சாமத்தியச் சடங்கைப் பொலிஸ்காரனுக்கு வாசிக்கக் கொடுப்பதா? பிள்ளை அறிந்தால் வீட்டைவிட்டே ஓடும்.

அக்கா அசையவில்லை. கீழே வட்டமாக ஒரு முத்திரையும் வேண்டும் என்றார். நகரசபை முத்திரையைப் போட்டுவிட்டு உள்ளே போய் இருக்க எனக்கு விருப்பமில்லை. பிள்ளையாரை ஒரு வட்டத்துக்குள் இருத்தி நீல மையில் அடித்துக் கொடுத்தேன். பரம திருப்தி.

"இனி ஒருத்தனும் மறிக்கான். இவங்கள் ஆளைப் பாக்கிறேல்லை, முத்திரையைத்தான் பாக்கிறவங்கள்."

ஆறு எல்லை

மார்ச்சில் லண்டன் பிரியவில்லை. இரண்டு கிழமை தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்கவில்லை என்று அண்ணையும் இரண்டு கிழமை தள்ளினார். மறுபடி காட். இன்னொரு தரம் நாள் மாறினால் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டாராம். அதையும் சொல்லிக்கொண்டு புதுக் காட்டுக்கு மாதிரி தேடுகிறார் மனுசன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, பேப்பர் இல்லாமல் லொறிக்குள்ளை படுத்து ஆறு எல்லை தாண்டின ஆள் நீங்கள். பாஸ்போட்டோடை பஸ்ஸிலை வாறவைக்கு ஏன் இந்த நடுக்கம்?" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் வாயைக் கொடுத்திருக்கக்கூடாது.

"அப்ப பிடிபட்டிருந்தால் நான் மட்டும்தான் தம்பி. இப்ப பிள்ளையெல்லோ தாலி வராமல் மணவறையிலை இருக்கும்."

திகதி இல்லாத காட்

பிரிவு திரும்பவும் தள்ளிப்போனது, இந்தமுறை இலையுதிர் காலத்துக்கு. அண்ணை அந்த நாளையும் கைவிட்டுப் புது யோசனையோடு வந்தார். திகதி இருக்கிற இடத்தில் வெறும் கோடு அடித்தால் போதும், பிறகு பேனையால் நிரப்பலாம். இது கலியாணக் காட்டா, விசா விண்ணப்பமா?

தர்சினியும் கூட வந்திருந்தாள். வாசலில் இருந்தே தகப்பனோடு பிரெஞ்சில் சண்டை. மேசைக்கு அடியில் கிடந்த ஆவணிப் பெட்டி கண்ணில் பட்டதும் இழுத்துத் திறந்து, ஒரு காட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். மாப்பிள்ளை வீட்டாரின் பஸ்ஸை எல்லையில் மறித்தால் என்று அவர் தொடங்கினார். அவள் விடவில்லை. தகப்பனுக்கு வடிவாக விளங்கட்டும் என்றோ என்னவோ, இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"அப்பா, பிரியப்போற நாடு எத்தினை தரமும் நாள் மாத்தட்டும். சேரப்போற நாங்கள் ஏன் மாத்தவேணும்?"

ஆவணியில் தாலியோடு லண்டன் பஸ் மண்டபம் திறக்க முதலே வந்து வாசலில் நிற்க, பியர்ஃபித்தில் இருந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட யோகநாதன் அண்ணைதான், சுங்கமும் இல்லாத பொலிசும் இல்லாத சொந்த ஊர் ரோட்டில் முக்கால் மணி நேரம் நெரிசலில் மாட்டிக்கொண்டார்.