பதினேழாம் பக்கத்துச் சிவப்புக் கொடி

பாலாமணி கொழுந்து பறித்த எஸ்டேட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. குன்னூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அவ்வளவு போதும். பெயர் வெளியே வந்துவிடுமோ என்று அந்தப் பெண் இரண்டு மாதம் செத்துச் செத்துப் பிழைத்தாள். இத்தனை வருஷம் கழித்து நான் வேறு மாட்டிவிட வேண்டாம்.

எண்பத்தேழாம் வருஷம். பாலாமணிக்கு வயது முப்பத்து நாலு. எட்டாவது வரை படித்தவள். கணவன் வேலுசாமிக்கு அதே எஸ்டேட்டின் தேயிலை பேக்டரியில் வேலை. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. வெற்றிலை பாக்குப் பழக்கம்கூட இல்லாத பாலாமணிக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. அது கருங்கழுகு காமிக்ஸ்.

அதிலும் தாமிரன் படம் போட்ட கதை என்றால்தான் வாங்குவாள். கறுப்பு மையையும் வெள்ளைத் தாளையும் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் செய்கிற வேலை அவளை உலுக்கிவிடும். பனி வரைய வேண்டுமென்றால் தாளைச் சும்மா விட்டுவிடுவான், அவ்வளவுதான். அந்த வெறும் வெள்ளைக்குள்ளிருந்து யாரோ வரப்போகிறார்கள் என்று இவளுக்கு முதுகு சில்லிடும். துப்பறியும் தயாபரன் கதவைத் தள்ளுகிற கட்டத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டப் பயந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அரிசி களையப் போவாள். பிறகு ஈரக் கையோடு ஓடி வந்து புரட்டுவாள்.

படம் போடுகிறவனைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. புத்தகத்தின் கடைசியில் ‘தாமிரன் தர்பார்’ என்று ஒரு பக்கம் வரும். வாசகர் கடிதங்களுக்கு அவனே பதில் எழுதுவான். பதிலா அது! எழுதியவரின் பெயர், தெரு, ஊர் எல்லாவற்றையும் முழுசாகப் போட்டு, மானத்தை வாங்குவான். கதை புரியவில்லை என்று எழுதிய ஒரு பெண்ணுக்கு, ‘அடுப்பில் பால் பொங்குகிறது, போய்ப் பாருங்கள்’ என்று பதில் போட்டான். முழு முகவரி இல்லாத கடிதம் குப்பைக்கூடைக்குப் போகும் என்று மாதாமாதம் எச்சரிக்கை வேறு.

நேரிலும் ஒரு தடவை பட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, மே மாத சீசனில், ஊட்டிக்குத் தாமிரன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு வேலுசாமியை இழுத்துக்கொண்டு போனாள். புத்தகக் கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். கையெழுத்துக்காக இவள் புத்தகத்தை நீட்டினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தான். “கையைக் கழுவிட்டு வாம்மா, படம் அழுக்காயிடும்” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கொழுந்துக் கறை அது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அடுத்த மாதப் புத்தகத்தையும் வாங்கினாள். அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம்.

அந்த செப்டம்பரில் தாமிரனின் புதுத் தொடர் ஒன்று தேயிலைத் தோட்டத்தில் தொடங்கியது. பாலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. பதினேழாம் பக்கத்தில் சரிவு முழுக்கத் தேயிலை, கூடை சுமந்த பெண்கள், பனி. தேயிலைக் காட்டின் ஓரத்தில் ஒரு குச்சியில் கொடி. கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது சிவப்புக் கொடி. பூச்சிக்கும் நோய்க்கும் மருந்து அடித்த காட்டில் நடுவார்கள். ஒரு வாரத்துக்குக் கொடி நிற்கும், அதுவரைக்கும் அங்கே யாரும் கொழுந்தில் கை வைக்கக் கூடாது. எதையோ போட்டோவில் பார்த்து, அழகுக்காக இருக்கிறது என்று நினைத்து வரைந்திருக்கிறான்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மேஜை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். ‘கொடி நட்ட காட்டில் கொழுந்து பறிப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். தெரியாவிட்டால் கேட்டுப் போடுங்கள்.’ அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து வீட்டுக் கனகமணி ஆகஸ்டில் மருந்து காயாத காட்டிலேயே வாந்தியெடுத்து விழுந்தபோது அவளைத் தோளில் சுமந்து வந்தது இவள்தான். கனகமணியின் முழங்கைப் புண் இன்னும் ஆறவில்லை. பேனா நிற்கவில்லை. ‘எங்கள் எஸ்டேட்டில் மட்டும் மருந்து அடித்த மூன்றாம் நாளே ஆபீசர் கொடியைப் பிடுங்கிவிட்டு எங்களை உள்ளே அனுப்புகிறார்’ என்றும் எழுதினாள். கீழே பெயர், லைன் நம்பர், டிவிஷன், எஸ்டேட் எல்லாம் எழுதினாள். முகவரி இல்லாவிட்டால்தான் படிக்க மாட்டானே!

குன்னூரில் தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தர்பார் பக்கத்தைப் படிக்கிற இன்னொரு ஆள் எஸ்டேட்டிலேயே இருந்தான். ஆபீஸ் கிளார்க் சகாயம். காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில், ஆபீசர் வருகிற வரைக்கும் தர்பார் பதில்களை உரக்கப் படித்துச் சிரிக்க வைப்பது அவன் வழக்கம். இவள் பெயரோடு, ஆபீசர் கொடி பிடுங்குகிற செய்தியை, ஆபீசர் முன்னாலேயே படித்துவிட்டானானால்?

வேலுசாமியிடம் சொன்னபோது அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா? வேலை போனா ஊடும் போயிரும், தெரியுமல்ல?”

“தெரியுமுங்க. எழுதறப்போ தெரியலீங்க.”

“போடாதீங்கன்னு இன்னொரு காயிதம் எழுதிப் போடு.”

“அந்தாளுக்கா? அதையும் சேத்துப் போட்டுருவானுங்க.”

வேலுசாமி எழுந்து கை கழுவப் போனான். இவள் படித்துக்காட்டி அவனும் தர்பார் கேட்டிருக்கிறான்.

அன்றிலிருந்து எடை போடுகிற இடத்தில் ஆபீசர் செருமினால் பாலாமணியின் கூடை நழுவும். லைன் வாசலில் யாராவது பேப்பரைப் பிரித்தால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அக்டோபர் புத்தகம் வந்தது. முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், அவள் கடிதம் இல்லை. தப்பித்தோம் என்று நினைக்கும்போதே, கீழே ஒரு வரி இருந்தது. ‘அடுத்த இதழில், எனக்கே பாடம் எடுக்க வந்த ஒரு மலைவாசிக்குப் பதில்.’

நவம்பர் புத்தகம் வரவேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறிகூட ஏறவில்லை. வராமலே போய்விடட்டும் என்று ஒரு நாள் வேண்டிக்கொண்டாள். வந்து தொலைந்தால் தேவலை என்று மறுநாள் வேண்டிக்கொண்டாள். அட்டைப்பெட்டியில் பாத்திரங்களை எடுத்துக் கட்டக்கூடத் தொடங்கிவிட்டாள், யாரும் காலி பண்ணச் சொல்லாமலே. வேலுசாமி பார்த்துவிட்டு, அதிலிருந்து குண்டானை எடுத்து அடுப்பில் வைத்தான்.

ஒன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, பாதை திறந்தது. குன்னூர் பஜாரில் ஹபீப் முகமதுவின் புத்தகக் கடைக்குக் குடையைக்கூட மறந்துவிட்டு பஸ் பிடித்து ஓடினாள்.

“வாங்கம்மா. இப்பத்தான் கட்டைப் பிரிச்சேன். சகாயம் சார் முதல்லயே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு” என்றார் ஹபீப் முகமது.

“ஒண்ணு கொடுங்க பாய்” என்று வாங்கி, கதைப் பக்கங்களைத் தாண்டி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

‘நீலகிரியிலிருந்து ஓர் அம்மாள் என் படத்தில் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார். கொடி நட்ட காட்டில் கொழுந்து பறிக்க மாட்டார்களாம். அம்மணி, பாடம் நீங்கள் எடுத்தால் படம் யார் போடுவது? உங்கள் பெயரையும் ஊரையும் அச்சில் பார்க்கத் துடித்துக்கொண்டிருப்பீர்கள். போட மாட்டேன். ஏமாந்து போங்கள்.’

அவ்வளவுதான். ஆபீசரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாலாமணி கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன உயிர் திரும்பி வந்தது. இது கெட்ட குணமா, நல்ல குணமா? யாரையும் விட்டுவைக்காதவன் தன்னை மட்டும் ஏன் விட்டான்? யோசிக்கத் தெம்பில்லை. புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு போனவள், அன்றைக்கு மிச்சப் பக்கங்களைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டு. சேலை நனையாமலிருக்கப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடைக் கயிற்றைப் பிடித்தபடி பெண்கள் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மழை விட்டிருந்த வெள்ளிக்கிழமை அங்கே மருந்து அடித்திருந்தார்கள். கனகமணி முழங்கையைத் துணியால் சுற்றியிருந்தாள்.

சகாயம் படித்தான். ‘ஏமாந்து போங்கள்’ என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பாலாமணியும் சிரித்தாள், உதடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் வந்து சேர்ந்த ஆபீசர்கூடச் சிரித்தார்.

“எந்த எஸ்டேட்டுக்காரியாம்?”

“பேரு போடலீங்க சார்” என்று சொல்லிக்கொண்டே சகாயம் பக்கங்களைப் புரட்டினான். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றது. புத்தகத்தை மூடப் பார்த்தான். ஆபீசர் அதை வாங்கிக்கொண்டார்.

வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும். என்ன தேடுகிறார் என்று பாலாமணிக்குத் தெரியவில்லை. தெரியாததாலேயே பயம் இரட்டிப்பானது. கையைச் சாக்குக்குள் மறைத்தால் தெரிந்துவிடும். கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் எழுபது பேர். எல்லாக் கையிலும் ஒரே கறுப்பு.

“இங்க யாரு இந்தக் கதைப் புஸ்தகமெல்லாம் படிக்கறது?”

பாலாமணி படிப்பாள் என்று அந்த எழுபது பேருக்கும் தெரியும். கனகமணி தரையைப் பார்த்தாள். சகாயம் பாலாமணியை ஹபீப் முகமது கடையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறான். முடிந்தது என்று அவள் நினைத்தாள். அட்டைப்பெட்டியும் குண்டானும் கண்முன் வந்தன.

“நான் மட்டுந்தாங்க சார்” என்றான் சகாயம்.

ஆபீசர் புத்தகத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல், “இன்னிக்கு நாலாம் நம்பருக்குப் போங்க” என்றார்.

போகிற வழியில்தான் ஒன்பதாம் நம்பர். சிவப்புக் கொடி மழையில் நனைந்து குச்சியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகியும் பிடுங்கவில்லை. கனகமணி பாலாமணியின் தோளைத் தன் தோளால் ஒரு தடவை இடித்துவிட்டு முன்னே போனாள்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கைகூடக் கழுவாமல் பாலாமணி புத்தகத்தைத் திறந்தாள். பதினெட்டாம் பக்கத்தில் பனிக்குள் தொப்பி போட்ட ஒருவன் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். முகமே போடவில்லை, தொப்பியும் முதுகும்தான். இரண்டாவது கட்டத்தில் ஒரு பெண் சரிவில் சுருண்டு விழுந்து கிடக்கிறாள். தன் கடிதத்தில் இருந்தது அத்தனையும் இங்கே இருந்தது. எழுதாததும் இருந்தது. கனகமணி விழுந்ததை அவள் எழுதவே இல்லை.

அடுத்த பக்கம் முழுக்க ஒரே படம். வெறும் வெள்ளைப் பனியில் ஒரு பெண்ணின் கை, கொடியை மண்ணில் திரும்ப ஊன்றுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கின்றன. நகக்கண்ணில் கறுப்புக் கோடு. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், காம்பை ஒடித்து ஒடித்துக் காய்த்த இடத்தில், குறுக்கே இரண்டு வெடிப்பு.

பாலாமணி தன் வலது கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு வெடிப்பு. காலையில் ஆபீசர் எதைத் தேடினார் என்று இப்போது புரிந்தது. ‘ஐயோ’ என்று கத்திவிட்டாள்.

வேலுசாமி ஓடி வந்து, “என்ன புள்ள, பேரு போட்டுட்டானா?” என்று கேட்டான்.

“இல்லீங்க.” அவள் கையை எடுக்கவில்லை. “அன்னிக்குக் கழுவச் சொன்னானல்ல, அப்பவே பாத்துட்டானுங்க, படுபாவி.”