ஜாக்கியில் ஊற்றிய விளக்கெண்ணெய்

நேற்று குதிகால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவினேன். அந்த வாசனையில் புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை கண்முன் வந்து நின்றது.

அது யுத்த காலம். அப்பா பித்தளைத் தட்டு செய்பவர். சுத்தியல் அடித்துக் கை ஓய்ந்ததால், தண்டவாளத் துண்டுகளில் சட்டம் கட்டி, நடுவில் பழைய லாரி ஜாக்கியை நிறுத்தி, தகட்டை அழுத்தித் தட்டாக்கும் யந்திரம் ஒன்றைக் கொட்டகையில் செய்தார். ஜாக்கிக்கு ஊற்ற எண்ணெய் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பேதிக்குக் கொடுக்க அம்மா வைத்திருந்த விளக்கெண்ணெயைச் சொல்லாமல் எடுத்து ஊற்றிவிட்டார். ஜாக்கி மெல்ல எழும்பியது. முதல் தட்டு கோணாமல் வந்தது. பேதி தப்பியதில் எங்களுக்கும் சந்தோஷம்.

மறுநாள், யந்திரத்தைப் பார்த்த பிறகு வேலை தருவதாகச் சொல்லியிருந்த சேலத்து வியாபாரி வந்தார். அப்பா ஜாக்கியின் கைப்பிடியை எவ்வளவு ஏற்றி இறக்கியும் அது அசையவில்லை.

“ஏ புள்ள, இதுல இருந்த எண்ணெய் எங்க போச்சு?”

அம்மா வாசல் கூட்டுவதை நிறுத்தவில்லை. “புள்ளைங்க வயித்துக்குள்ள போயிருச்சுங்க. வடிகட்டித்தானுங்க குடுத்தேன்.”

அப்பா எங்களைத் தேடினார். நாங்கள் சோளக்காட்டுக்குள் வரிசையாகக் குந்தியிருந்தோம்.

நேற்றைய எண்ணெயில் ஜாக்கியின் இரும்பு வாசம் இல்லை. அதனாலேயே அது எனக்குக் கலப்படம் போலப் பட்டது.