ஸ்தோயானுக்குப் பெயர் வைத்த கதை

தோப்ரிக்குப் பிறந்த மூன்று ஆண் பிள்ளைகளும் நாற்பது நாள் தாண்டவில்லை. நான்காவதும் ஆண். இதற்கு எங்கள் பல்கேரிய மலையடிவாரத்தில் ஒரே வழிதான். விடியும்போது குழந்தையை நாற்சந்தியில் வைக்க வேண்டும். முதலில் வருகிறவன்தான் ஞானத்தகப்பன். பெயரும் அவன்தான் வைப்பான். அவனை வேண்டாமென்று பெற்றவர்கள் மறுத்தால் குழந்தை தங்காது.

தோப்ரி புதர் மறைவில் நின்று பார்த்தான். வந்தவன் பென்யோ. போயும் போயும் அவனா! ஊர் மந்தையில் ஆறு ஆடு காணாமல் போனபோது, பென்யோதான் திருடினான் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவன் தோப்ரி. இரண்டு வருடம் கம்பி எண்ணிவிட்டுப் போன மாதம்தான் பென்யோ திரும்பியிருந்தான். வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல! ஆடுகளை விற்றவனே தோப்ரிதான்.

பென்யோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தான். தோப்ரியின் மனைவி வேலிகா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஸ்தோயான்னு வையுங்க. ஸ்தோய்கோ, ஸ்தோயோ, ஸ்தாமென், எதுன்னாலும் சரி. 'போகாதே, நில்லு'ன்னு அர்த்தம் வரணும். அது போதும்ணே."

"கோயில்ல சொல்றேம்மா" என்றான் பென்யோ. தோப்ரி பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். வழக்கப்படி வேலிகா வீட்டிலேயே இருந்தாள். ஊரே கோயிலில் இருந்தது. பாதிரியார் பெயரைக் கேட்டார். பென்யோ வாயைத் திறக்கவில்லை. ஜனவரிக் குளிரில், அவன் கையில் அம்மணமாகக் கிடந்த குழந்தை கதறியது.

"சொல்லித் தொலையேன்யா, பிள்ளை விறைச்சுப் போகுது!" என்று பாதிரியார் கத்தினார்.

"பேரு தயாரா இருக்கு சாமி. அப்பங்காரன் முதல்ல ஒண்ணு சொல்லணும். என்னடா தோப்ரி, நாக்கு ஒட்டிக்கிச்சா? அன்னிக்குக் கோர்ட்டுல கிளி மாதிரி பேசினியே!"

போலீஸ்காரர் கதவோரம் நின்றிருந்தார். அழுகை தேய்ந்து விக்கலானது. பிறகு அதுவும் நின்றது. தோப்ரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினான்.

"நான்தான்! ஆட்ட வித்தது நான்தான்! கோர்ட்டுல சொன்னது அத்தனையும் பொய்! பேரைச் சொல்லுய்யா, உன் கால்ல விழறேன்!"

"ஸ்தோயான்" என்றான் பென்யோ. ஞானஸ்நானத் தொட்டியின் வெதுவெதுப்பான நீர் பட்டதும் குழந்தை வீறிட்டது.

தோப்ரிக்கு மூன்று வருடம் கிடைத்தது. அந்த மூன்று வருடமும் வேலிகாவுக்கு விறகு வெட்டிப் போட்டதும் பிள்ளைக்குப் பால் கொண்டுவந்ததும் பென்யோதான். தண்டனை முடிந்து தோப்ரி வாசலில் வந்து நின்றபோது, பையன் ஓடிப்போய்ப் பென்யோவின் காலைக் கட்டிக்கொண்டான்.

"யாரு இது?"

"உங்கப்பன்டா" என்றான் பென்யோ.

பையன் நம்பவில்லை.