ஊமை விமானம்

ஞாயிறு மதியம் ஆன்லைனில் பலர் சேர்ந்து விமானம் ஓட்டும் விளையாட்டை லேப்டாப்பில் திறந்து உட்கார்ந்தேன். எஞ்சினை முடுக்கினால் முள் ஏறியது, சத்தம் மட்டும் வரவில்லை. வால்யூமை முழுக்க ஏற்றினேன். விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். சாந்தோமில் எங்கள் வீட்டு நெட்டுக்கு அதற்கே ஒன்றரை மணி நேரம். பிறகு விமானத்தை ரன்வே நடுவில் நிறுத்திவிட்டு, சவுண்டு டிரைவரையும் மாற்றினேன். திரையில் ஒலி அளவுக் கோடுகள் மட்டும் குதித்துக் குதித்துக் கடுப்பைக் கிளப்பின.

"சனியன் பிடிச்ச லேப்டாப்!" என்று கத்தினேன்.

பாட்டுக் குழுவில் பாடும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். "காலைல மாதா கோயில்ல பாட்டு வரியெல்லாம் இதுலேர்ந்துதானே திரையில போட்டீங்க? பிரசங்கத்துல டிங்குனு சத்தம் வரக்கூடாதுன்னு எதையோ சொருகினீங்களே, எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. பழைய ஹெட்போன் ஒயரிலிருந்து நானே வெட்டிவைத்த முனை அது. சொருகினால், ஹெட்போன் மாட்டியிருப்பதாக நம்பி லேப்டாப் வாயை மூடிக்கொள்ளும்.

பிடுங்கினேன். எஞ்சின் உறுமியது. கூடவே, விளையாட்டில் எனக்குப் பின்னால் காத்திருந்த யாரோ ஒருவரின் குரல்: "எவ்ளோ நேரமா கத்திக்கினு கீறோம்! அந்தச் செவிட்டு பைலட்ட ரன்வேய வுட்டு நகரச் சொல்லுங்கய்யா!"